ஆறு மணிக்கு சஹானா

என் மனைவி ஓவியம் வரைகிறவள். ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். நான் பஞ்சாலையில் ரிங் பிரேம் பகுதிக்கு மேஸ்திரி. நூல் முறுக்கேறிச் சுற்றிக்கொள்ளும் மிஷின்கள் வரிசையாக நிற்கிற பகுதி அது. போதாக்குறைக்கு மாதம் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவேன். அதைப் படித்துச் சிரித்தவர் எவரையும் இதுவரை நேரில் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட இருவர் எப்படி இருபது வருடம் குடித்தனம் நடத்தினீர்கள் என்று கேட்டால், மாலை ஆறிலிருந்து ஏழு வரை நடத்தினோம் என்றுதான் சொல்வேன். மற்ற நேரமெல்லாம் அரிசி, கேஸ், தண்ணீர் மோட்டார்.

புதிதாக ஒரு துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியதும் மாடி அறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

"என்னங்க, இதுக்கு என்ன போடுறீங்க?"

குழம்புக்கு என்ன காய் போடப்போகிறாய் என்று நான் கேட்டது கிடையாது. ஓவியத்துக்கு என்ன ராகம் என்று அவள் என்னைக் கேட்காமல் இருந்ததும் கிடையாது. நான் யோசிப்பேன். யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன். பிறகு ஒரு ராகத்தைச் சொல்வேன். அந்த ஓவியம் முடியும் வரை தினமும் ஆறு மணிக்கு அந்த ராகம்தான். வேறு வேறு பாடகர்கள், வேறு வேறு பாட்டு, நாகஸ்வரம், வீணை எதுவாகவும் இருக்கலாம், ராகம் மட்டும் மாறாது. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரைவாள். நான் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவேன்.

அவளுக்கு ராகத்தின் பெயர்கள் தெரியாது. நான் சொல்கிற ராகத்துக்கு அவளே ஒரு பெயர் வைத்துக்கொள்வாள். கல்யாணிக்கு "நிமிந்து நிக்கிறது" என்று பெயர். சாவேரிக்கு "கெஞ்சுறது". சஹானாவுக்கு "நெளிஞ்சு நெளிஞ்சு வர்றது". சங்கீதம் படித்தவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். நான் புத்தகங்களில் படித்த எந்த ராக இலக்கணமும் இதைவிடச் சரியாக இருந்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் ஓடுவதை ஆயிரம் பேர் வரைந்திருக்கிறார்கள். அவள் வரைந்தது ஓடாத நாளில் தகரத்தால் மூடிக்கொண்டு நிற்கிற தேரை. பன்னிரண்டு நாள் ஆனந்தபைரவி போட்டேன். அந்தத் தகரத்தில் மத்தியான வெயில் எப்படி ஊறியது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. "நான் ஒண்ணும் பண்ணலங்க, அது தானா எறங்குச்சு" என்றாள்.

இனி என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாட எனக்குத் தொண்டை கிடையாது. கேட்க மட்டும் வாய்த்த பிறவி. கல்யாணமான புதிதில் ஒருநாள் குளியலறையில் வாய்விட்டுப் பாடினேன். பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, "தம்பிக்கு ஏதும் அடிபட்டுருச்சா?" என்று விசாரித்தார். அதன்பின் நான் பாடிய இடம் ஒன்றுதான், மில்.

ரிங் பிரேம் முழு வேகத்தில் ஓடும்போது அதற்கு ஒரு சுருதி உண்டு. ஓயாத, பிசகாத சுருதி. நூல் சுற்றுகிற ஆயிரக்கணக்கான கதிர்கள் சேர்ந்து மீட்டுகிற தம்புரா. அதன் நடுவில் நின்று நான் எட்டு மணி நேரம் தோடி பாடினாலும் ஒரு மனிதருக்கும் கேட்காது. இருபத்தாறு வருடம் பாடினேன். வீட்டுக் கவலையோடு ஷிப்டுக்குப் போனவன் முகாரியில் தொடங்கி, கல்யாணியில் முடித்து, சாந்தமாக வீடு திரும்பிய நாட்கள் எத்தனையோ. இசை மனத்தை ஆற்றும் என்று படித்த புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. ஆற்றத்தான் செய்தது. காதை என்ன செய்யும் என்று எழுத அவற்றில் பக்கம் போதவில்லை போலும்.

எங்கள் பகுதி ஃபிட்டர் என் வயதுக்காரன். ஸ்பானரும் கையுமாக வந்து முன்னால் நிற்பான். மில்லில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. அவன் உதடு கேட்கும்: "ஏலே, மிஷினு முன்னால நின்னு என்னலே வாய ஆட்டுத? மந்திரிச்சு விடுதியா?"

மந்திரித்தேன் என்றே சொல்லலாம். ஏதாவது ஒரு கதிரின் பேரிங் போகப் போகிறது என்றால் அந்தச் சுருதியில் நிஷாதம் லேசாகப் பிசிறும். இரண்டு நாள் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். "இதக் கழட்டு" என்று கையைக் காட்டுவேன். ஃபிட்டர் கழற்றிப் பார்ப்பான். உள்ளே உருண்டை தேய்ந்திருக்கும். "மேஸ்திரிக்குக் காதுலயே மீட்டர் இருக்கு" என்று மேனேஜரே சொன்னார். பாராட்டுக்கு ஆசைப்பட்டவன் செய்கிற காரியத்தைச் செய்தேன். மில்லில் காதுக்கு அடைப்பான் கொடுத்திருந்தார்கள், ரப்பரில், கயிறு கட்டியது. மற்றவர்கள் அரிக்கிறது என்று கழற்றினார்கள். நான் கச்சேரிக்குப் போகிறவன் காதை அடைத்துக்கொண்டு போவானா என்று கழற்றினேன். பாதுகாப்பு அதிகாரி வருகிறபோது மாட்டுவேன். அவர் முதுகைக் கண்டதும் பைக்குள் போட்டுவிடுவேன். இசை தெரியாதவனாக இருந்திருந்தால் இன்று எனக்குக் காது இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மிஷின் எதுவும் இல்லாத வீட்டில், மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலையணையில் காதை அழுத்திப் பார்த்தேன். உள்ளேதான் ஓடியது. முதலில் எனக்குச் சந்தோஷம்தான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வீட்டிலேயே தம்புரா! பிறகுதான் அதை நிறுத்தும் பொத்தான் எங்கேயும் இல்லை என்பது உறைத்தது. அந்தச் சுருதி உலகத்தில் எந்தப் பாடகரின் சுருதியோடும் சேரவில்லை. எல்லோருக்கும் அரைக்கட்டை தள்ளி நின்றது. அப்புறம் வயலினின் மேல் ஸ்தாயி காணாமல் போனது. பின்னர் வீணை. கடைசியில் மனிதர்கள் பேச்சில் சகரமும் தகரமும் உதிர்ந்தன.

எங்கள் ஊரிலும் காது டாக்டர் உண்டு. அவர் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேருடைய பிள்ளைகளுக்கு என் மனைவி டீச்சர். ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்துக் காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வெளியே இருந்த பெண் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நான் சிரத்தையாக அமுக்கிக்கொண்டே இருந்தேன். நன்றாகச் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். அவள் எழுந்து கதவைத் திறந்தாள்.

"சார், நான் இன்னும் சத்தமே விடல. நீங்க பாட்டுக்கு அமுக்கிக்கிட்டே இருக்கீங்களே?"

"எட்டு எண்ணிக்கைக்கு ஒரு தடவை வருதேம்மா."

"எங்க சார் வருது?"

எங்கே வருகிறது என்று எனக்கும் தெரியவில்லை. முதலில் இரண்டு மூன்று சத்தம் நிஜமாகக் கேட்டிருக்கும். அப்புறம் ஆதி தாளம் தன் போக்கில் போய்விட்டது. அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. போனது போனதுதான் என்றார். இனிமேலாவது மில்லில் காதை அடைத்துக்கொள்ளுங்கள் என்றார். கருவி வைத்தால் பேச்சு ஓரளவு கேட்கும், வீட்டம்மாவை ஒரு தரம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். நான் நேராகப் போய் அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எங்கே போனீர்கள் என்று வீட்டில் கேட்டால் காட்டுவதற்கு ஒரு சாட்சி வேண்டுமே.

"பால்கோவா வாங்கவா லீவு போட்டுட்டுப் போனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஏன் சொல்லவில்லை? காது போனதற்காக நான் அவ்வளவு பயப்படவில்லை. உதட்டைப் பார்த்தே இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன், வீட்டில் சமாளிக்க முடியாதா? அந்த ஆறிலிருந்து ஏழு வரை போய்விடும் என்றுதான் பயந்தேன். எனக்குக் கேட்காது என்று தெரிந்தால் "இதுக்கு என்ன போடுறீங்க?" என்று என்னை ஏன் கேட்கப் போகிறாள்? அந்தக் கேள்வியும் இல்லாவிட்டால் அந்த வீட்டில் நான் தண்ணீர் மோட்டார் போடுகிறவன், அவ்வளவுதான். இரண்டு வருடம் மறைத்தேன். ஒரே ஒரு இடைஞ்சல். வரையும்போது அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். முதுகுக்கு உதடு கிடையாது. அவள் தலை லேசாக அசைந்தால் ஏதோ சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டு "ம்" என்பேன். சில சமயம் "ஆகா" என்பேன். ஆகா எதற்கும் பொருந்தும் என்பது என் அனுபவம்.

அப்போதுதான் அந்தப் பெரிய ஓவியம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். வாசல் கூடத்தில் ஆறடிக்கு ஒரு படம் வேண்டும், அய்யனார் கோவில் மலையாக இருந்தால் நல்லது என்றார். அவள் அன்று சாப்பிடவில்லை.

"இருவது வருசமா அந்த மலையப் பாத்துக்கிட்டேதான் பள்ளிக்கூடம் போறேன். மழ வர்றதுக்கு முந்தி ஒரு கருப்பு கட்டும் பாத்திருக்கீங்களா? ஒண்ணுமே அசையாது. அத ஒரு தடவையாவது வரைஞ்சிரணும். இது வந்துட்டா போதுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்." பிறகு கேட்டாள்: "இதுக்கு என்ன போடுறீங்க?"

மழைக்கு அமிர்தவர்ஷிணி என்று பச்சைப்பிள்ளையும் சொல்லும். எனக்கு அந்த மழைக்கு முந்திய நேரம்தான் முக்கியமாகப் பட்டது. அவசரமே இல்லாத ஒரு ராகம் வேண்டும். சஹானா என்றேன். "நெளிஞ்சு வர்றதா? சரிதான்" என்று தலையாட்டினாள். முகம் மலர்ந்திருந்தது. எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. மனிதன் இன்னும் உபயோகத்தில்தான் இருக்கிறான்.

இரண்டு மாதம். தினமும் ஆறு மணிக்கு போனில் சஹானாவை எடுத்து அமுக்குவேன். நொடிகள் ஓடுவது திரையில் தெரியும். போனிலிருந்து வயர் இழுத்து ஜன்னலோரம் ஸ்பீக்கர். எனக்கு அது கேட்கவில்லை. ஆனால் எனக்கு சஹானா கேட்டது. நாற்பது வருடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்தது அவ்வளவும் தானாக எழுந்து வந்தது. தலைக்குள் இருந்த மிஷின்கூட அந்த ஒரு மணி நேரம் சுருதி சேர்ந்துகொண்டது. இருமல் இல்லை, விளம்பரம் இல்லை, பாடகருக்குத் தொண்டை கட்டவில்லை. என் வாழ்நாளில் கேட்ட மிகச் சிறந்த சஹானா அது. அந்த இரண்டு மாதம் நான் இருந்த நிம்மதியை எழுத இப்போது கை கூசுகிறது.

ஒரு மாலை, மாடி வாசலில் ஃபிட்டர் நின்றான். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவன். செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் உதடு எனக்கு மனப்பாடம்.

"என்னலே, ரெண்டு பேருக்கும் சண்டையா? வீடு எழவு வீடு கணக்கா சத்தமே இல்லாம கெடக்கு. நீ என்னடான்னா தொடையத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்க!"

நான் போனைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்பீக்கரைப் பார்த்தேன். அதன் நீல விளக்கு எரியவில்லை. அவள் தூரிகையோடு திரும்பியிருந்தாள்.

"எத்தன நாளா?" என்று நான் கேட்டேன்.

"அத நீங்க சொல்லுங்க. எத்தன நாளா?"

ஃபிட்டர் பத்திரிகையை ஸ்டூலில் வைத்தான். "நான் பொறவு வாரேன் மதினி" என்று சொல்லியிருப்பான், உதட்டை நான் பார்க்கவில்லை. மில்லில் தீ மணி அடித்தபோதுகூட அவன் அவ்வளவு வேகமாகப் படி இறங்கியதில்லை.

அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து பேசினாள். செவிடனிடம் பேசுவதுபோல. அதைத்தான் என்னால் முதலில் தாங்க முடியவில்லை.

"மொத வாரம் சத்தம் தாங்க முடியல. அம்புட்டுச் சத்தமா வச்சிருந்தீங்க. கொறச்சேன். நீங்க கவனிக்கல. மறுநாளு நிப்பாட்டியே பாத்தேன். தலைய ஆட்டிக்கிட்டே இருந்தீங்க. அம்புட்டு நிம்மதியா இருந்துச்சு ஒங்க மொகம். அதப் போயி ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

"சரி, நான் கெடக்கேன். நீ கேக்கறதுக்குப் போட்டுக்க வேண்டியதுதான?"

"போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், நீங்க வர்றதுக்கு முந்தி, தனியா போட்டுப் பாத்தேன். வரல."

"ஏன்?"

"எனக்கு என்னங்க தெரியும் பாட்டப் பத்தி? நான் பாட்டக் கேட்டா வரைஞ்சேன்? நீங்க கேக்குறதக் கேட்டுல்ல வரைஞ்சேன். பின்னாலருந்து ‘ஆகா’ம்பீங்க, மூச்ச இழுப்பீங்க, செத்த நேரம் தாளத்த விட்டுட்டுச் சும்மா இருப்பீங்க. அதுக்குத்தான் கை போகும். இப்ப அது எல்லாமே வேற எங்கயோ வருது. கைக்கு எடம் தெரியல."

அவள் துணியில் பாதி நின்ற மலையைப் பார்த்தாள்.

"எனக்கு வரலங்க, வரலங்கன்னு எத்தன நாள் சொன்னேன். ஆகான்னீங்க."

இசை பிற கலைகளுக்கு ஊற்று என்று நான்கூட ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன். வேடிக்கையாகத்தான் எழுதினேன். ஊற்றுக்கும் வயலுக்கும் நடுவில் இருந்த வாய்க்கால் நான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தூர்ந்துபோன பிறகுதான் தெரிந்தது.

படத்தை முடிக்காமல் விட வழியில்லை. மண்டபத் திறப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். முடித்தாள். வேனில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டுபோய் மாட்டினோம். மண்டபக்காரர் நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். "டீச்சர், அப்படியே போட்டோ எடுத்தது மாதிரி இருக்கு!" என்றார். பெரிய மனதோடு சொன்னார், பாவம். அவள் கும்பிட்டாள். படத்தில் மலை இருந்தது. பாறைகள் இருந்தன. மரத்துக்கு மரம் இலை இருந்தது. மேகம் வெள்ளைச் சுவருக்கு அடித்த கருப்புப் பெயின்ட் மாதிரி இருந்தது. கலை தெரியாத எனக்கே அது தெரிந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே நிஜ மலை கூடவே வந்தது. அன்று பார்த்து அதில் கருப்புக் கட்டியிருந்தது. அவள் வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, உதடு தெரிகிற மாதிரி என் பக்கம் திரும்பினாள்.

"மண்டபத்துல இருக்கற மலைல என்னைக்குமே மழ வராதுங்க."

கருவி வாங்கி மாட்டிக்கொண்டேன். கேஸ்காரர் கூப்பிடுவது கேட்கிறது. மேனேஜர் திட்டுவது தெளிவாகக் கேட்கிறது. பாட்டுப் போட்டால் தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல் இருக்கிறது. வீணையும் வயலினும் குக்கர் விசிலும் ஒரே குடும்பமாகிவிட்டன. ஆகவே மாடிக்குப் போகும்போது கருவியைக் கழற்றிவிடுகிறேன். அதைக் கழற்றிய பிறகு நினைவிலிருந்த சஹானாவாவது வரும் என்று பார்த்தேன். ஃபிட்டர் வந்துபோன அன்றைக்குப் பிறகு அதுவும் வரவில்லை. மிஷின் மட்டும் ஓடுகிறது.

மூன்று மாதம் அவள் மாடிக்கே போகவில்லை. தூரிகைகள் டம்ளரில் விறைத்துப் போயின. பிறகு ஒருநாள் ஆறு மணிக்குச் சின்னதாக ஒரு துணியைக் கட்டினாள். ஒரு சொம்பும் இரண்டு எலுமிச்சம்பழமும். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வரையத் தொடங்கினாள். நான் என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தேன். அவள் மணிக்கட்டு போகிற போக்கைப் பார்த்து என்ன ராகம் என்று சொல்வது. "சாவேரியா?" என்பேன். திரும்பி, "ஆமா, கெஞ்சுறதுதான்" என்பாள். மறுநாள் "கல்யாணி!" என்பேன். "ஆமாங்க, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்பாள். பத்து நாளில் பத்தும் சரி. எழுதுவதைத் தவிர வேறு எதிலாவது எனக்குத் திறமை உண்டோ என்றுகூடத் தோன்றியது. எழுதுவதிலும் இல்லை என்பது வேறு விஷயம்.

நேற்றைக்கு எனக்குச் சந்தேகம் வந்தது. சத்திரப்பட்டி பஸ் தெருவில் போவதைப் பார்த்தபோது தோன்றிய ஒரு பெயரைச் சொன்னேன்.

"இது சத்திரப்பிரியாதான?"

அப்படி ஒரு ராகம் கிடையாது. அந்த நிமிஷத்துக்கு முன்னால் அந்தப் பெயரை யாரும் கேட்டிருக்கவே முடியாது. அவள் முழுதாகத் திரும்பினாள். உதடு தெளிவாகத் தெரிகிறாற்போல், நிதானமாக, "ஆமாங்க, அதேதான்" என்றாள்.

பெயர் தெரியாதவள், நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் மறுபடி துணியின் பக்கம் திரும்பியபோது, காதிலிருந்து இறங்கிய இயர்போன் வயர் தோளைத் தாண்டி இடுப்புக்குக் கீழே ஆடியது. அதன் நுனி எதிலும் செருகப்படாமல் தொங்கியது. அவள் போன் கீழே சமையலறையில் சார்ஜில் இருந்தது. நான்தான் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

எலுமிச்சம்பழத்தின் நிழலுக்கு அவள் கை போனபோது, சரியான இடமாக இருக்கும் என்று நினைத்து, "ஆகா" என்றேன். கை ஒரு நொடி நின்றது. பிறகு போனது.

ஏழு மணி வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.